இரட்டைத் தட்டும் இழந்த ஒலியும்

வீட்டுச் சாவிக்கு மறுசாவி ஒன்று செய்வித்து, இரண்டையும் ஒரே வளையத்திற் கோத்து, வளையத்தோடு தொலைத்துவிட்டு வாயிலில் நிற்பவரைக் கண்டால் நாம் நகைப்போம். ஆயின், கணிப்பொறியில் நம் வாழ்நாள் உழைப்பைச் சேமித்து வைக்கும் வகையில் நாமும் பெரும்பாலும் அதனையே செய்து வருகின்றோம். 'ஒன்றுக்கு இரண்டாய் இருக்கிறது. இனிக் கவலையில்லை' என்று எண்ணி உறங்குகின்றோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபட்டது என்பதை, விளாங்குடியில் நான் கண்ணாரக் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் விளாங்குடியில் வாழ்கின்றார். திண்டுக்கல் சாலையைச் சார்ந்து, முன்னர்த் தனிப் பேரூராட்சியாய் இருந்து, 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு ஒன்றாகிவிட்ட ஊர் அது. வயலாய் இருந்தவை மனைகளாக, மனைகள் மாடி வீடுகளாக மாறிவரும் அப்பகுதியில், நாற்றங்காலை நேரிற் கண்ட முதியோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். நண்பர் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின், அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சென்று, அத்தகைய முதியோரின் திண்ணைகளில் அமர்ந்து, நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கண்மாய் மடை திறந்த முறை, பஞ்ச காலத்து உணவு முதலியவற்றைப் பற்றி அவர்கள் பாடியும் பேசியும் கேட்டவற்றையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வந்தார். ஒவ்வொரு நாளும் யார், எவ்வூர், எத்தனை நாழிகை, எந்தப் பாட்டு என்று ஒரு நீண்ட கோடிட்ட நோட்டுப் புத்தகத்திலும் குறித்துக்கொள்வார். அந்நோட்டைப் பார்த்து அவர் வீட்டு இளையோர் சிரிப்பதுண்டு.

பதிவுகளை வைப்பதற்கு அவர் வாங்கியது இரண்டு ஹார்டு டிஸ்க் கொண்ட ஒரு பெட்டி. இவ்வன்தட்டு இரண்டும் கண்ணாடியும் உருவும் போல, ஒன்றில் எழுதப்படுவது அக்கணமே மற்றொன்றிலும் எழுதப்படும்படி அமைக்கப்பட்டிருந்தன. வைகாசி மாதத்தில் அவற்றுள் ஒரு தட்டு, மின்சாரம் போய்ப் போய் வந்ததனாலோ பிறிதொன்றாலோ, இணைப்பினின்று விலகிவிட்டது. பெட்டி அதனை அறிவிக்கச் சிவப்பு விளக்கை ஏற்றியது. ஆனால், தூசு படியாதிருக்கப் பெட்டியின்மேல் அன்போடு போர்த்தியிருந்த துணி அவ்விளக்கை மறைத்துவிட்டது. மற்றத் தட்டு தனியே எல்லா வேலையையும் செய்து கொண்டிருந்தமையால் குறையொன்றும் தோன்றவில்லை. ஐந்து மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

ஐப்பசி மழையில் ஓரிரவு பெட்டி திறவாமற் போயிற்று. உதவிக்கு வந்த உறவினப் பிள்ளை ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், பெட்டியின் பொத்தானை அழுத்தித் திரும்பத் தொடங்கச் செய்து, 'புதிதாக அமைக்கவா?' என்று அது கேட்டபோது 'ஆம்' என்றார். தட்டுகள் புதிதாய்ப் பார்மட் செய்யப்பட்டன. அதனினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. இரண்டில் எது மூலம், எது நகல் என்று தெரிந்து கொள்ளாமல், ஐந்து மாதம் பின்தங்கிய பழைய தட்டையே மூலமாகக் கொண்டு, புதிய செய்திகளெல்லாம் அடங்கிய நல்ல தட்டின்மேல் பெட்டி அதனைப் படியெடுக்கத் தொடங்கியது. சில நிமிடங்களில் நண்பர் ஐயுற்று மின்சாரத்தை நிறுத்தினார். திரையிற் பார்க்கையில் இரு தட்டும் வெறுமையாயிருந்தன.

மறுநாட் காலையில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஆவணியில் இறந்துபோன தன் பாட்டியின் குரலைக் கேட்க வேண்டும் என்பது அவள் விருப்பம். "ஐயா, எங்க அப்பத்தா பாடுனதை ஒருதரம் போட்டுக் காட்டுவீகளா?" என்று கேட்டாளாம். அம்மூதாட்டியை நண்பர் ஆனி மாதத்தில் மூன்று நாள் பதிவு செய்திருந்தார். அஃதன்றி அக்குரல் உலகில் வேறெங்கும் இல்லை. நண்பர் அவளிடம் என்ன சொன்னார் என்பதை என்னிடம் கூறவில்லை. அன்று மாலை என் வீட்டுக்கு வந்து, நெடுநேரம் பேசாது அமர்ந்திருந்தார்.

இனி, இவ்விபத்தின் இயல்பை ஆராய்வோம். காந்தப் பூச்சு பூசிய தட்டில் எழுத்துகளைப் பதித்து வைக்கும் கருவியை ஐ.பி.எம். நிறுவனத்தார் 1956-ஆம் ஆண்டில் முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். ஏறத்தாழ இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சேர்ந்து ஐம்பது லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று ஒரு ஒலிப்பதிவுக்கும் அவ்விடம் போதாது. தட்டுகள் சிறுத்து, மலிந்து, பெருகியபோது அவை கெட்டுப்போவதும் பெருகிற்று. எனவே 1988-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், மலிவான தட்டுகள் பலவற்றைச் சேர்த்து ஒன்று கெட்டாலும் மற்றவை காக்கும்படி அமைக்கும் வகைகளை ஒரு கட்டுரையில் முறைப்படுத்தி வெளியிட்டனர். ரெய்டு என்று இன்று வழங்குவது அதுவே. அவ்வகைகளுள் முதலாவதாக அவர்கள் எண்ணியது இரட்டைத் தட்டு முறை.

இம்முறையின் பயனை நான் மறுக்கவில்லை. ஒரு தட்டு இயந்திரக் கோளாற்றால் திடீரென நின்றுவிட்டால், மற்றது வேலை தடைப்படாமல் நடத்திக் கொடுக்கும். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் இஃது இன்றியமையாதது. ஆனால், அது காப்பது தட்டின் சாவிலிருந்து மட்டுமே. நம் கைப்பிழையிலிருந்து அது நம்மைக் காவாது. நாம் ஒரு கோப்பை அழித்தால், இரண்டாந் தட்டிலும் அது அக்கணமே அழியும். கோப்பு கெட்டால் கெட்டதையே உண்மையோடு படியெடுக்கும். இரண்டும் ஒரே பெட்டியில் இருத்தலால், இடி ஒன்று, திருடன் ஒருவன், வெள்ளம் ஒன்று போதும். உடல் இரண்டாயினும் அவற்றுக்கு விதி ஒன்றே. ஆகவே, இரட்டைத் தட்டு வேலை நில்லாதிருக்க உதவும் ஏற்பாடேயன்றிக் காப்புப் பிரதி ஆகாது. இதனை விற்போர் அழுத்திச் சொல்வதில்லை, வாங்குவோர் கேட்பதுமில்லை.

அடுத்து, பார்மட் செய்தால் யாவும் அழிந்தன என்று மனமுடைவதும் பிழையே. ஒரு நூல்நிலையத்தை எண்ணுக. எந்நூல் எந்த அலமாரியில் எத்தட்டில் உள்ளது என்று காட்டும் அட்டவணையை ஒருவர் கிழித்தெறிந்தார் எனின், நூல்கள் அவ்விடத்தே இருக்கும், கண்டெடுப்பதுதான் அரிதாகும். விரைவுப் பார்மட் என்பது பெரும்பாலும் இவ்வட்டவணையை மாற்றிப் புதியதொரு வெற்று அட்டவணையை வைப்பதே. நூல்கள் மெய்யாக அழிவது, 'இடம் வெறுமையாய் உள்ளது' என்று நம்பிப் புது நூல்களை அவ்விடத்தே வைக்கும்போதுதான். முழுப் பார்மட்டோ வேறு. 2007-ஆம் ஆண்டு முதல் மக்கள் கைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின்னவையும் முழுப் பார்மட்டின்போது தட்டு முழுதிலும் சுன்னங்களை எழுதிவிடுகின்றன. அங்ஙனம் மேலெழுதப்பட்டதை இக்காலத் தட்டினின்று மீட்க வழியில்லை. தட்டில்லாத எஸ்.எஸ்.டி. வகையிலும் எச்சரிக்கை வேண்டும். அழித்த இடங்களைக் கணிப்பொறி அதற்கு அறிவித்தவுடன், அதுவே அவ்விடங்களைத் துடைத்துவிடுதல் வழக்கம். ஆதலின் அதில் மீட்சி மிக அரிது.

ஆகவே இழப்பு நேர்ந்தவுடன் செய்யத்தக்கது ஒன்றே: கையை எடுத்துவிடுதல். மின்சாரத்தை நிறுத்துக. 'பழுது பார்க்கவா?' 'மீண்டும் ஒத்திசைக்கவா?' என்று பெட்டி கேட்கும் எதற்கும் இசையற்க. இரு தட்டையும் கழற்றி, எது எந்த இடத்தில் இருந்தது என்று சீட்டு ஒட்டுக. 'டக், டக்' என்ற ஓசை எழுமாயின் அதனை ஓடவிடுதல் ஆகாது. படிக்கும் முனை பழுதாகியிருத்தல் கூடும். ஓடும் தட்டுக்கும் அம்முனைக்கும் இடையே உள்ள வெளி மயிரிழையின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அதிற் புகும் தூசு ஒன்று தட்டையே உழுதுவிடும். ஆதலால் அதனைத் திறத்தல் தூசு நீக்கிய அறையில் வல்லுநர் செய்யத் தக்கது. குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் உயிர் பெறும் என்பார் பேச்சைக் கேட்டு ஈரத்தை உள்ளே வரவழைத்துக் கொள்வாரும் உளர்.

தட்டு ஓசையின்றி ஓடுமாயின், முதல் வேலை அதனை முழுதும் வேறொரு பெரிய தட்டிற்குப் படியெடுப்பது. இதற்கு டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் பெரிதும் உதவும். அது நன்றாய்ப் படிக்கத்தக்க இடங்களை முதலில் விரைந்து படித்துக் காப்பாற்றி, கெட்ட இடங்களைப் பின்னர்ச் சிறிது சிறிதாய் முயலும். எங்கெங்கு இடைவெளி உண்டென்று பட்டியலும் எழுதி வைக்கும். அதன்பின் மூலத்தை எடுத்து வைத்துவிட்டுப் படியிலேயே ஆராய்ச்சி நடத்தல் வேண்டும். பழைய அட்டவணையின் எச்சங்கள் கிடைப்பின் டெஸ்ட்டிஸ்க் போன்றவை அதனை மீண்டும் அமைக்க முயலும். அதுவும் கிடையாதாயின், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாளத்தைக் கொண்டு போட்டோரெக் போன்றவை தட்டு முழுதையும் துழாவி எடுக்கும். இங்ஙனம் எடுக்கப்படுவனவற்றுக்குப் பெயர் இராது. குரல் இருக்கும், குரலுக்கு உரியவர் யாரென்று இராது.

இரட்டைத் தட்டுக்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. இரண்டிலும் கெட்ட இடங்கள் ஒன்றாய் அமைவது அரிதாகையால், ஒன்றின் இடைவெளியை மற்றொன்றைக் கொண்டு நிரப்பலாம். நம் முன்னோர் ஏடுகளிற் செய்தது இதுவே. செல்லரித்த ஏடு ஒன்றில் விட்டுப்போன அடியை வேறோர் ஊரில் கிடைத்த ஏட்டைக் கொண்டு நிரப்பி, பாட பேதங்களை ஒப்பு நோக்கி உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் நமக்கு அச்சில் அளித்தார். ஆயின் இங்கும் ஒரு கவனம் வேண்டும். இரு தட்டும் ஒரே காலத்தவை என்பது உறுதியாதல் வேண்டும். ஒன்று ஐந்து மாதம் முன்னரே நின்றுபோனதாயின், இடையே மாறிய பகுதிகளை இரண்டிலிருந்தும் கலந்தால் கிடைப்பது மூன்றாவதொரு பொய்ப் பிரதியேயாகும். பதிப்பாசிரியர் ஏட்டின் காலத்தை ஆராய்வது போல, மீட்பவரும் தட்டின் காலத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

மீட்சியின் எல்லை எவ்வளவு என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று கூறுவேன். 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்புகையில் வானிலேயே சிதறியது. நம் நாட்டிற் கர்னால் நகரிற் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மாண்டனர். அவ்வோடத்தில், செனான் என்னும் வாயுவின் பாகுத்தன்மை பற்றிய சோதனை ஒன்று நடந்திருந்தது. அதன் முடிவுகளை ஏற்றிருந்த, சுமார் 400 மெகாபைட் கொள்ளளவுடைய தட்டு ஒன்று, மாதங்கள் பல கழிந்தபின், எரிந்து கருகிய நிலையிற் சிதைவுகளிடையே கண்டெடுக்கப்பட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மீட்பு வல்லுநர்கள் அதனுள் இருந்த காந்தத் தகடுகளைத் தூய்மை செய்து புதிய கூட்டினுள் அமைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு செய்தியை மீட்டனர். அவ்வாராய்ச்சி 2008-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தகடுகள் வளையாமலிருந்ததும், அக்காலத்து எளிய முறைப்படி செய்திகள் தட்டின் ஒரு பகுதியில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்ததும், பழுது பெரும்பாலும் எழுதப்படாத பகுதியில் நேர்ந்ததும் இதற்குக் காரணங்களாகும். வானத்திலிருந்து தீயோடு வீழ்ந்த தட்டு பேசிற்று. விளாங்குடியில் மேசைமேல் இருந்த தட்டு ஒரு பொத்தானால் ஊமையாயிற்று. தீயைக் காட்டிலும் மேலெழுத்துக் கொடியது என்பது இதனாற் பெறப்படும்.

'இஃது அறியாதார்க்கு நேர்வது. வல்லுநர்க்கு நேராது' என்பாரும் இருக்கலாம். 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள், மென்பொருள் எழுதுவோர் பல்லாயிரவர் தம் படைப்புகளை வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், நள்ளிரவு வரை உழைத்துக் களைத்திருந்த பொறியாளர் ஒருவர், நகற்கணிப்பொறியில் அழிக்க வேண்டியதை மூலக் கணிப்பொறியில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் சில நொடிகளிற் போயிற்று. காப்புக்கென அமைத்திருந்த ஐந்து வழிகளும் அன்று உரியவாறு பயன்படவில்லை. அன்று பிறிதொரு காரணத்திற்காகத் தற்செயலாய் எடுத்து வைத்த, ஆறு மணி நேரம் முந்திய படி ஒன்றே அவர்களைக் காத்தது. அந்நிறுவனத்தார் இதனை மறைக்காது உலகறிய எழுதியது பாராட்டத்தக்கது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் தென் கொரியாவின் டேஜான் நகரத்து அரசாங்கக் கணிப்பொறி நிலையத்தில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்து போயிற்று. அளவு மிகப் பெரிதாயிருத்தலால் அதற்கு வெளியிடத்துப் பிரதி இல்லை என்று கூறினர். பெரிது என்பதனாலேயே காப்பில்லாது விடப்பட்டது என்னும் இவ்விடை நெஞ்சை உறுத்துகின்றது.

தமிழராகிய நமக்கு இப்பாடம் புதிதன்று. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதியும் ஜூன் மாதத் தொடக்கமும் கூடிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்டபோது, சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறிடத்தில் பிரதி இருந்த அச்சு நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. அங்கே மட்டும் இருந்த ஏடுகளையும் கையெழுத்துச் சுவடிகளையும் எவரும் எங்கும் வாங்க முடியவில்லை. ஓலைச்சுவடி நெடுங்காலம் தாங்காது என்பதனை அறிந்த முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏடு எழுதி, மகனுக்கும் மாணாக்கனுக்கும் வேற்றூர் மடத்திற்கும் கொடுத்தனர். மதுரையில் ஒரு வீடு எரிந்தால் நெல்லையில் ஒரு பரணில் நூல் உயிர்த்திருந்தது. எங்கே அவ்வழக்கம் நின்றதோ, எங்கே 'நம் வீட்டில் இருக்கிறது' என்ற செருக்கோடு பூட்டி வைத்தனரோ, அங்கே நூல்கள் மறைந்தன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கலியாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கைகளால் கணிப்பொறியில் ஏற்றி, யாவரும் இறக்கிக் கொள்ளும்படி இலவசமாய் அளித்தது. எத்தனை நாடுகளில் எத்தனை பேரிடம் அப்பிரதிகள் உள்ளன என்று எண்ண முடியாது. எண்ண முடியாமையே அதன் காப்பு.

இனி எதிர்வாதங்கள் சிலவற்றை நோக்குவோம். 'இக்காலத்தில் யாவும் கைப்பேசியிலிருந்து தானே கிளவுடுக்குச் சென்றுவிடுகின்றனவே, அஃது போதாதா?' என்பர் இளைஞர். அதுவும் பல வேளைகளில் மற்றொரு கண்ணாடியே. கைப்பேசியில் அழித்த படம் அங்கும் அழிகின்றது. சில நாட்கள் குப்பைக் கூடையில் தங்குவது ஒன்றே ஆறுதல். கடவுச்சொல் மறந்தாலும், கணக்கு முடக்கப்பட்டாலும், உரியவர் இறந்தாலும் கதவு அடைபட்டுவிடும். அதனை ஒரு பிரதியாகக் கொள்க. ஒரே பிரதியாகக் கொள்ளற்க. 'செலவு மிகும்' என்பர் வேறு சிலர். இரண்டு தட்டுள்ள பெட்டி வாங்கியவர்க்கு, அவ்விரண்டுள் ஒன்றைத் தனியே பிரித்து, வாரம் ஒருமுறை படியெடுத்து, மகள் வீட்டில் வைப்பதற்குப் புதுச் செலவு ஏது? தூசு நீக்கிய அறையில் தட்டைத் திறந்து மீட்கும் கூலியோடு ஒப்பிட்டால் மூன்றாவது தட்டின் விலை சிறிது. 'எல்லாவற்றையும் காத்து என்ன செய்வது?' என்பது மூன்றாம் வாதம். இதில் உண்மை உண்டு. எல்லாவற்றையும் காக்க முயல்பவர் எதனையும் காவார். மீண்டும் பெற முடியாதது எது என்று ஆராய்ந்து அதனை மட்டுமேனும் காத்தல் வேண்டும். திரைப்படம் போனால் மீண்டும் கிடைக்கும். அப்பத்தா குரல் கிடைக்காது.

ஆதலின் நம் கல்லூரியாருக்கும் மாணவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்களைப் பணிவோடு வைக்கின்றேன். அருமையானவற்றுக்கு மூன்று பிரதி வேண்டும். அவை இரு வேறு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். பீட்டர் கிரோக் என்னும் நிழற்பட வல்லுநர் பரப்பிய இவ்விதி எளியது. சிறு பிள்ளையும் நினைவிற் கொள்ளலாம். அவற்றுள் ஒன்றேனும் கணிப்பொறியோடு எப்போதும் இணைந்திராது, கழற்றி வைக்கப்பட்டிருத்தல் நன்று. அப்பொழுதுதான் ஒரு கைப்பிழை எல்லாவற்றையும் எட்டாது. மேலும், பிரதி எடுத்துவிட்டோம் என்று அமையாமல், அதிலிருந்து மீட்டுப் பார்த்தல் வேண்டும். கிட்லாப் நிறுவனத்தில் இல்லாதிருந்தது இச்சோதனையே. நம் கல்லூரியில் ஆண்டுக்கொரு நாளை இதற்கென ஒதுக்கி, ஒவ்வொரு துறையும் தன் காப்புப் பிரதியிலிருந்து கோப்பு ஒன்றைத் திறந்து காட்டுதல் நலம். தீயணைப்பு ஒத்திகை போன்றது இது. ஆய்வேட்டை ஒரே பென்டிரைவில் வைத்துச் சட்டைப்பையிற் சுமக்கும் மாணவர்க்கு இவ்வொத்திகை ஒரு விரிவுரையினும் மிகுந்த பயன் தரும்.

இறுதியாக ஒன்று. பழைய மாணவர் பலர் தத்தம் ஊர்களில் இத்தகைய பதிவுகளையும் நிழற்படங்களையும் கடிதங்களையும் வைத்திருக்கின்றனர். அவர்கள் விரும்பின், அவற்றின் பிரதி ஒன்றை நம் நூல்நிலையம் ஏற்றுக் காக்கும் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பட்டியலைத் தாளிலும் அச்சிட்டு வைத்தல் வேண்டும். தாளிலா என்று நகைக்க வேண்டா. அதன் பயனை விளாங்குடியிற் கண்டேன்.

அங்கு நிகழ்ந்தது இது. இரு தட்டையும் கழற்றிப் படியெடுத்தோம். பழைய பதிவுகளில், ஒரு தட்டிற் படிக்க முடியாத இடங்களை மற்றத் தட்டு நிரப்பிற்று. பின் ஐந்து மாதத்துப் பதிவுகளோ ஒரு தட்டில் மட்டுமே இருந்தன; அதிலும் தொடக்கப் பகுதி, நண்பர் மின்சாரத்தை நிறுத்துமுன் மேலெழுதப்பட்டுவிட்டது. எஞ்சியவை பெயரற்ற நூற்றுக்கணக்கான ஒலிக்கோப்புகளாக வெளிவந்தன. அவற்றைக் கேட்டுக் கேட்டு, இளையோர் நகைத்த அக்கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் உள்ள நாழிகையோடும் பாட்டின் பெயரோடும் ஒப்பிட்டு, ஒவ்வொரு குரலுக்கும் உரியவரைக் கண்டறிந்தோம். மாணவர் நால்வர் ஒரு மாதத்து மாலைப்பொழுதுகளை இதற்கு ஈந்தனர். நோட்டு இல்லையேல், பெயரில்லாத குரல்களாகவே அவை நின்றிருக்கும்.

அம்மூதாட்டியின் மூன்று நாட் பதிவுகளில் இரண்டு முழுமையாய்க் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. நோட்டில் அதற்கு நேரே, 'தன் தாய் இறந்தபோது பாடிய ஒப்பாரி, முழுதும், இடையில் அழுதார்' என்று எழுதியிருந்தது. பேத்தி வந்து இரு பதிவுகளையும் கேட்டாள். தன் கைப்பேசியிலும், தம்பி கைப்பேசியிலும், நண்பர் எடுத்துக் கொடுத்த பென்டிரைவிலுமாக மூன்று பிரதி எடுத்துக்கொண்டாள். மூன்றாவதைப் பற்றிக் கேட்டபோது நண்பர் நோட்டைத் திறந்து அவ்வரியைக் காட்டினார். அவள் அதனை இருமுறை படித்துவிட்டு, அப்பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு சென்றாள்.

இதனைப் படித்து முடித்த அன்பர்கள், இன்றிரவே தத்தம் வீட்டில் மீண்டும் பெற முடியாதது எது என்று எண்ணி, அதற்கு வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைப்பாராயின், இழந்த அவ்வொப்பாரிக்கு அதுவே தக்க ஈடாகும்.